ஆழத்தின் கணக்கு: 1980களின் வீட்டுக் கணினிகளில் முப்பரிமாண வரைகலை – ஒரு திறனாய்வு

திறவுச்சொற்கள்: கணித்தமிழ், முப்பரிமாண வரைகலை, பிபிசி மைக்ரோ, எலைட், கோலம்

முன்னுரை

கணித்தமிழ் வரலாறு பெரும்பாலும் எழுத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாடு, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு, அங்குத் தரப்படுத்தப்பட்ட விசைப்பலகை, பின்னர் ஒருங்குறி என்னும் வரிசையில் அது நகர்கிறது. 1980களின் வீட்டுக் கணினிகள் இவ்வரிசையில் முன்கதையாக ஓரிரு தொடர்களில் கடக்கப்படுகின்றன. அவற்றின் வரைகலை, விளையாட்டுப் பொருளெனக் கருதப்பட்டு ஆய்வுக்கு வெளியே நிற்கிறது. அப்பொறிகளில் எழுத்தும் படமும் ஒரே நினைவகத்தில் இடம் கேட்டுப் போட்டியிட்டன என்பதை நோக்கினால் இப்பிரிவினை நிலைக்காது.

பள்ளிக்கு வந்த பொறி

நடுவண் அரசு 1984–85இல் ‘கிளாஸ்’ என்னும் கணினிக் கல்வித் திட்டத்தை ஏறத்தாழ 250 பள்ளிகளில் தொடங்கியபோது தேர்ந்தெடுத்தது பிரிட்டனின் ஏக்கார்ன் நிறுவனத்தின் பிபிசி மைக்ரோ. இதன் ‘பி’ வகையில் 2 மெகாஹெர்ட்சில் இயங்கும் 6502 செயலியும் 32 கிலோபைட்டு நினைவகமும் இருந்தன. எட்டுத் திரைமுறைகளில் மூன்று 20 கிலோபைட்டை விழுங்கிவிடும். நிரலுக்கு எஞ்சுவது சொற்பம். கொமடோர் 64இல் இருந்ததுபோல் உருவங்களைத் தானே நகர்த்தும் வன்பொருள் வசதியும் இதில் இல்லை. கல்விக்கெனத் தரப்பட்ட இப்பொறியில்தான் அதே 1984இல், அக்காலத்தின் மிகத் துணிவான முப்பரிமாணப் படைப்பு வெளிவந்தது.

பெருக்கலறியாச் செயலி

உடுமலைப்பேட்டைச் சுற்றுவட்டாரத்தில் சாலையோரம் நிற்பவருக்கு, அருகிலுள்ள காற்றாலை வானளாவியும் அடுத்தது பாதியாகவும் தொலைவிலுள்ளது திருமூர்த்தி மலையடியில் ஒரு குச்சியாகவும் தெரியும். ஒரே உயரமுள்ள கோபுரங்கள் தொலைவு இரட்டித்தால் பாதியாகத் தெரிகின்றன. உயரத்தைத் தொலைவால் வகுத்தால் கிடைப்பதே திரையில் வரைய வேண்டிய அளவு. முப்பரிமாண வரைகலையின் அடிப்படை இவ்வகுத்தலே. பொருள் சுழலும்போது ஒவ்வொரு முனைக்கும் பல பெருக்கல்களும் சேர்ந்துகொள்ளும்.

6502 செயலிக்கோ பெருக்கல், வகுத்தல் ஆகிய இரண்டு கட்டளைகளும் கிடையா. கூட்டலையும் இலக்கங்களை இடம்பெயர்த்தலையும் கொண்டே அவற்றை நிகழ்த்த வேண்டும். டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் உருவாக்கிய ‘எலைட்’ விளையாட்டின் சிறப்பு, இவ்விடத்தில் எதைக் கணக்கிடாமல் விடலாம் எனத் தேர்ந்ததில் உள்ளது. விண்கலங்கள் குழிவற்ற உருவங்களாக அமைந்ததால், எந்த முகம் பார்வையாளரை நோக்குகிறது என்று அறிந்தாலே போதும். ஒரு விளிம்பைத் தொடும் இரு முகங்களில் ஒன்றேனும் தெரிந்தால் மட்டும் அக்கோடு வரையப்படும். மறைகோடுகள் பற்றிய பெருஞ்சிக்கல் இவ்வாறு சிறு வினாவாகச் சுருங்கிவிட்டது. கோட்டை அழிப்பதற்கும் தனி முறையில்லை. புள்ளியை எதிர்நிலைக்கு மாற்றும் தருக்கச் செயலால் கோடு வரையப்பட்டதால், அதே கோட்டை மீண்டும் வரைந்தால் அது மறைந்துவிடும்.

திரையின் அகலம் 320 புள்ளிகளிலிருந்து 256ஆகக் குறைக்கப்பட்டது. இதனால் நினைவகம் மிஞ்சியதோடு, எட்டு இலக்க எண்ணுக்குள் கிடைமட்ட இடம் முழுவதும் அடங்கிற்று. திரை வரையப்படும்போதே இடையில் திரைமுறை மாற்றப்பட்டதால் மேற்பகுதி நுண்ணிய கருப்பு வெள்ளையிலும் கீழே கருவிப்பலகை நான்கு வண்ணங்களிலும் தோன்றின. பற்றாக்குறை இங்கு வடிவத்தையே தீர்மானித்திருக்கிறது. கம்பிச்சட்ட உருவத்தை முதிராத கலையின் அடையாளமாக மதிப்பிடுவோர் இதைக் காணத் தவறுகின்றனர்.

‘முப்பரிமாணம்’ என்னும் சொல்

இச்சொல் அக்கால விளம்பரங்களிலும் இன்றைய கலைச்சொல் பட்டியல்களிலும் வேறுபாடின்றி வழங்குகிறது. இசட்எக்ஸ்81 கணினிக்கான ‘3டி மான்ஸ்டர் மேஸ்’ கட்டப் புள்ளிகளை அடுக்கிப் பாதையின் தோற்றத்தைக் காட்டியது. அதன் உலகம் உண்மையில் ஒரு தட்டை வரைபடம். இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமில் 1984இல் வந்த ‘நைட் லோர்’ இதற்கு நேர்மாறானது. அதில் தொலைவுக்கேற்ப அளவு மாறாது. ஆனால் பொருளின்மேல் பொருளை அடுக்கி ஏறலாம். அங்கு ஆழம் விளையாட்டின் விதியில் இருக்கிறது, பார்வையில் இல்லை. 1987இன் ‘டிரில்லர்’ நிரப்பிய பரப்புகளையே காட்டியது; அதற்கு ஈடாகப் படங்கள் நத்தைபோல் மாறின. பார்வையின் ஆழம், விதியின் ஆழம் என்னும் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் சுட்டுவது வரலாற்றைக் குழப்புகிறது.

கோலமும் எழுத்தும்

வரைகலை தமிழுக்கு அயலானது என்றும் கூற இயலாது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தை அணி இலக்கணங்களால் விளக்கிய கட்டுரை, 1974இல் கணினி வரைகலைக்கான பன்னாட்டு ஆய்விதழில் வெளியாயிற்று. தாவர வளர்ச்சியை வரையும் நிரல்முறைகளை உருவாக்கிய பிரசின்கீவிச் பின்னர்த் தம் ஆய்வில் கோலங்களை எடுத்தாண்டார். கோலம் நாட்டுப்புறவியலுக்கு உரியது, கணினி எழுத்துருவுக்கு உரியது என்னும் பாடத்திட்டப் பகுப்பில் இச்செய்திக்கு இடம் கிடைப்பது அரிது.

பிபிசி மைக்ரோவை இயக்கியவுடன் தோன்றும் ஏழாம் திரைமுறைக்கு 1 கிலோபைட்டே போதும். ஆனால் அதன் எழுத்துகளைத் தனிச் சில்லு ஒன்று உருவாக்கியதால் அவற்றை மாற்றியமைக்க முடியாது. அங்குத் தமிழுக்கு வழியில்லை. தமிழெழுத்தை வரைய வேண்டுமெனில் புள்ளித்திரைக்குச் செல்ல வேண்டும்; அவற்றுள் மிகச் சிறியதற்கும் 8 கிலோபைட்டு தேவை. அங்கு எட்டு எண்களைக் கொடுத்து ஓர் எழுத்தைப் புதிதாக வரையலாம். எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் ‘ப’ எளிதாக அமரும். ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்திற்குப் பின் ‘ணை’ எழுத இரண்டு கட்டங்கள் வேண்டும். விண்கலத்தின் விளிம்புகளுக்காக எலைட் ஒதுக்கிய திரை நினைவகமும் ஏறத்தாழ அதே 8 கிலோபைட்டுதான்.