அட்டை என்னும் பிரதி: காஞ்சிபுரத் தறியிலிருந்து சில கேள்விகள்

1

'அடையாளம்' பற்றி நாம் பேசாத பேச்சில்லை. சாதி அடையாளம், தேசிய அடையாளம், பால் அடையாளம் என்று பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. கருத்தரங்கு முடிந்து லாட்ஜில் அறை எடுக்கப் போனால் அங்கே உட்கார்ந்திருப்பவர் கேட்பதும் அதே சொல்தான்: "அடையாளம் ஏதாவது வச்சிருக்கீங்களா சார்?" பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டிவிட்டு மாடி ஏறிவிடுகிறோம். கவிதையை, சினிமாவை, பாடப்புத்தகத்தை எல்லாம் பிரதியாக வாசித்தவர்கள் இந்த அட்டையை மட்டும் வாசிக்காமல் விட்டது ஏன்? அதை எழுதியவர் யார், யாரை நோக்கி எழுதப்பட்டது, எதைச் சொல்லாமல் விடுகிறது? இலக்கியப் பிரதியிடம் கேட்கும் கேள்விகளை இதனிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

2

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீடு. கோர்வைச் சேலை தறியில் இருக்கிறது. கோர்வை என்றால் உடலும் கரையும் தனித்தனி ஊடையில் ஓடி, ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். மூன்று நாடா, ஒருவரால் ஆகாது. கணவர் நடுவில் உட்கார்ந்திருக்க, ஓரத்தில் உட்கார்ந்து மறுகரைக்கு நாடா தள்ளுகிறவர் மனைவி. நெசவாளர் அட்டை பற்றிப் பேச்சு வந்தது. "அவர் பேர்லதான் தம்பி அட்டை. நான் சும்மா ஒத்தாசைக்கு உக்கார்றவ" என்றார். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து."

2019-20இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் சுமார் 35 லட்சம் பேரைக் கணக்கில் கொண்டு வந்தது. நெசவாளர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள் என்று அதுவே சொல்கிறது. 'நெசவாளர்', 'சார்புத் தொழிலாளர்' என்று இரண்டு கட்டங்கள். கோர்வைத் தறியின் ஓரத்தில் இருப்பவர் எந்தக் கட்டத்தில் வருவார்? கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்று "நெசவாளர் யாரு?" என்று கேட்டிருப்பார், வீட்டில் ஒரு பெயரைச் சொல்லியிருப்பார்கள். கேள்வி ஒருமையில் கேட்கப்படுகிறது. தறியோ இருவரால் ஓடுகிறது. அட்டையின் மௌனம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ் காஞ்சிபுரம் பட்டு 2005-06இல் பதிவாயிற்று. சேலைக்கு அடையாளம் வந்துவிட்டது. அதைக் காஞ்சிபுரம் சேலை என்று கண்டுகொள்ள வைப்பதில் கோர்வைக் கரைக்குப் பெரும் பங்குண்டு. அந்தக் கரையைப் போடுகிற இரண்டாவது கைக்கு மட்டும் காகிதத்தில் இடமில்லை.

3

சட்டத்திற்கு வருவோம். வெளியே கிளம்பும் குடிமக்கள் அடையாள ஆவணம் வைத்திருந்தே ஆக வேண்டும் என்று சொல்லும் பொதுச்சட்டம் இந்தியாவில் இல்லை. வண்டி ஓட்டினால் உரிமம் காட்ட வேண்டும். அது வண்டிக்கான விதி, ஆளுக்கானதல்ல. ஆதாரும் ஏட்டளவில் விருப்பத்தின்பாற்பட்டதே. ஆனால் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு மானியம், நலத்திட்டம் ஆகியவற்றுக்கு அதைக் கேட்கலாம் என்கிறது. 2018 செப்டம்பர் 26 அன்று உச்சநீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்தப் பிரிவை நிலைக்கவிட்டது. அதாவது அரிசி தேவைப்படாதவருக்கு அது விருப்பம், அரிசிக்காக வரிசையில் நிற்பவருக்கு நிபந்தனை. ஒரே சட்டம் இரண்டு வர்க்கத்திடம் இரண்டு குரலில் பேசுகிறது.

'எப்போதும் கையில் வைத்திரு' என்று நேராகவே சொன்ன சட்டங்களும் நம் வரலாற்றில் உண்டு. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்ட மதுரைப் பக்கத்துக் கள்ளர்கள் ஊர் விட்டு ஊர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் இறந்தனர். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு, 1908 ஆகஸ்ட் 16இல், ஜோஹன்னஸ்பர்க்கில் காந்தியும் அவருடன் நின்ற இந்தியர்களும் தங்கள் பதிவுச் சான்றிதழ்களைக் கூட்டமாகத் தீயிலிட்டனர். அந்தப் போராட்டத்தில் தம்பி நாயுடு முதலாகத் தமிழர் பலர் முன்னணியில் இருந்தனர். கைரேகை, காகிதம், தடுத்து நிறுத்தும் உரிமை ஆகிய மூன்றும் சேர்ந்தே பயணம் செய்திருக்கின்றன.

அல்தூஸர் சொல்லும் போலீஸ்காரர் தெருவில் "ஏய், நில்!" என்கிறார், திரும்பிப் பார்ப்பவர் அந்த நொடியில் அதிகாரத்தின் 'தன்னிலை' ஆகிவிடுகிறார். இலங்கைத் தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டப்படி வழங்கப்பட்ட அட்டையில் பிறந்த இடம் இருந்தது. வடக்கு கிழக்கில் வழங்கியதில் தமிழும் இருந்தது; மற்ற இடங்களில் சிங்களம் மட்டும். சோதனைச் சாவடியில் நிற்பவர் பெயரைக்கூட வாசிக்க வேண்டியதில்லை, எழுத்தைப் பார்த்தாலே போதும். 2007 ஜூன் 7இல் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்ஸில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். அவர்களிடம் அட்டை இல்லாமல் இல்லை. அட்டையில் இருந்ததுதான் சிக்கல். மறுநாளே அந்நாட்டு உச்சநீதிமன்றம் வெளியேற்றத்துக்குத் தடை விதிக்க வேண்டியதாயிற்று.

4

இதெல்லாம் சரி. ஆனால் இங்கே நமக்குள்ளேயே ஒரு முரண் இருக்கிறது. அதை மூடி மறைக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் 'கண்காணிப்பு அரசு' என்று பூக்கோவைத் துணைக்கழைத்து எழுதுகிறோம். இன்னொரு பக்கம், "எங்களுக்கும் அட்டை குடு" என்று தாலுகா ஆபீஸ் வாசலில் உட்காரும் இருளரோடு போய் உட்காருகிறோம். இரண்டும் எப்படிச் சரியாகும்?

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்டன. மீட்கப்பட்டவர் கையில் கிடைக்க வேண்டியது விடுவிப்புச் சான்றிதழ். அது இல்லாமல் போனால் மறுவாழ்வு உதவி கிடைப்பது கஷ்டம், பழைய முதலாளி வந்து "வாங்கின காசு எங்கே?" என்று கேட்டால் காட்ட ஒன்றுமிருக்காது. அவரிடம் போய் 'ஆவணம் என்பதே ஒடுக்குமுறை' என்று கோட்பாடு பேசினால் அவர் நம்மைப் பார்த்துச் சிரிப்பார். சிரிக்கத்தான் வேண்டும்.

ஆக, ஆவணம் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியே தவறாகப் போடப்பட்டது என்று படுகிறது. ஒவ்வொரு காகிதத்தையும் நிறுத்தி மூன்று கேள்வி கேட்கலாம். இதைக் காட்டு என்று யார் யாரிடம் கேட்கலாம்? இல்லையென்றால் இழப்பு யாருக்கு? நிரூபிக்கும் சுமை யார் தலையில்? ராதாரிச் சீட்டை வைத்தவரிடம் போலீஸ் கேட்டது. சீட்டு இல்லையென்றால் சிறை. விடுவிப்புச் சான்றிதழை வைத்திருப்பவரே எடுத்து முதலாளி முன்பும் அதிகாரி முன்பும் நீட்டுகிறார். இரண்டும் அரசு முத்திரை குத்திய காகிதம்தான். நீட்டும் திசை வேறு.

5

மூன்றாவது கேள்வி முக்கியமானது. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டத்தில் 9ஆம் பிரிவு, 'நான் அந்நியன் அல்ல' என்று நிரூபிக்கும் பொறுப்பைக் குற்றம்சாட்டப்பட்டவர் மேலேயே வைத்தது. அதன் இடத்திற்கு 2025இல் புதிய சட்டம் வந்த பிறகும் சுமை இடம் மாறவில்லை. இதற்கு நேர் எதிராக ஒரு சட்டமும் நம்மிடம் இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 15ஆம் பிரிவு: இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால் போதும், அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். காகிதம் இல்லாதவரின் சொல்லை முதலில் நம்பு என்று ஒரு சட்டம் சொல்கிறது! நடைமுறையில் என்ன ஆகிறது என்பது வேறு கதை. ஆனால் சட்டத்தால் இப்படியும் யோசிக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

பிள்ளையார்பாளையத்து வீட்டுக்குத் திரும்புவோம். கிளம்பும்போது கேட்டேன்: "முதலாளிகிட்ட வாங்கின முன்பணம், கழிச்ச கூலி எல்லாம் எதுல எழுதியிருக்கு?" கணவர் தறியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "நோட்டுல. அது அவங்க வூட்ல இருக்கும்."

அந்த வீட்டின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிற ஆவணம் அந்த நோட்டுதான். அதைக் காட்டு என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை. அட்டைக்காக மனுப் போடும் தோழர்கள் அதே மனுவில் இரண்டு வரி கூடுதலாக எழுதட்டும்: நோட்டின் நகல் நெசவு வீட்டில் இருக்க வேண்டும், தறியில் உட்காரும் இரண்டு பேரின் பெயரும் அட்டையில் வர வேண்டும். எழுதுகிற நாமோ, 'அடையாளம்' என்று அடுத்த கட்டுரையைத் தொடங்குமுன் அந்த நோட்டை ஒருமுறை கேட்டு வாங்கிப் படித்துப் பார்க்கலாம்.