மேகமும் வாக்கியமும்: லெ ஜென்டிலின் புதுச்சேரிப் பயணநூல்

வெள்ளி இடைநகர்வைக் காணப் புதுச்சேரி நோக்கி 1760இல் கடலேறியவர் பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜென்டில். ஊர் ஆங்கிலேயர் வசமாகிவிட்டதால் 06.06.1761 அன்று நடுக்கடலில், ஆடும் கப்பலிலிருந்தே அதனைக் கண்டார். அக்காட்சி கணிப்புக்கு உதவவில்லை. அடுத்ததற்கு எட்டாண்டு காத்திருந்தார். 04.06.1769 காலை புதுச்சேரி வானை மேகம் மூடியது. இவரைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இம்மேகத்தோடு நின்றுவிடுகின்றன.

1779, 1781ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்த அவரது பயணநூலை அவலக்கதையாக மட்டும் கொள்வது குறைவாசிப்பே. புதுச்சேரியில் தமிழரிடம் கற்ற கிரகணக் கணிப்பு முறையை அவர் அதில் விரிவாகப் பதிந்துள்ளார். 30.08.1765 சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணிப்பு 41 விநாடி குறைத்தும், தோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி கூட்டியும் காட்டின. இதனைக் கொண்டு பெருமிதம் கொள்வாரும் உளர். ஒரு கிரகணம் சான்றாகாது. ஜான் வாரன் 1825இல் 'கால சங்கலித'த்தில் காட்டும் பஞ்சாங்கக் கணிதர், சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாட அட்டவணைகளைக் கொண்டே கணித்தார்; அங்குப் பிழை நிமிடக்கணக்கில் நேர்ந்தது.

துல்லியத்தினும் ஆராயத்தக்கது, எண்களைச் சொற்றொடராக்கி நினைவில் இருத்திய வாக்கிய முறை. ஓட்டோ நொய்கெபவர் 1952இல் தம் கட்டுரைக்குத் 'தமிழ் வானியல்' என்றே தலைப்பிட்டார். வாய்மொழி மரபை ஆய்வோருக்கும் உரிய பனுவல் லெ ஜென்டிலினது.