விரல் வியர்வையை அளக்க: சென்சாரா, கடதாசியா?

விரலில் சுற்றும் இரண்டு பட்டிகள், பெருவிரல் அளவில் ஒரு பலகை, ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகைக்குப் போகும் வயர். ஜிஎஸ்ஆர் (தோல் மின் எதிர்வினை) சென்சார் என்று விற்கப்படுவது இவ்வளவுதான். பட்டிகளின் உட்புறத் தகடுகளுக்கிடையே உணர முடியாத அளவு மின்னோட்டம் போகிறது. வியர்வை உப்புநீர் என்பதால் சுரப்பிக் குழாய்கள் நிறையும்போது தோல் மின்னைக் கூடுதலாகக் கடத்தும். தோலின் இந்த மின் மாற்றத்தை 1888இல் ஃபெரே, 1890இல் தார்கானோவ் ஆகிய ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பொய்யறியும் கருவியின் ஒரு பகுதியும் இதுதான்.

யாழ்ப்பாணத்து மருதனார்மட வெயிலில் எல்லோருக்கும்தானே வியர்க்கும், இதில் அளக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். உள்ளங்கையும் விரல் நுனியும் வேறு மாதிரி. முதுகு வெக்கைக்கு வியர்க்கும். விரல்கள் பெரும்பாலும் பதற்றத்துக்குத்தான் வியர்க்கும். இங்குள்ள முன்னைய இராமநாதன் நுண்கலைக் கழகப் பக்கம் வயலின் பயிலும் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். "மேடை ஏற முதலே விரல் நனைஞ்சிடும் அண்ணா, கமகம் பிடிக்கேக்கை வழுக்குது" என்றாள் ஒருத்தி. அவளுடைய விரல்களிலேயே சென்சார், கடதாசி இரண்டு முறைகளையும் பார்த்தோம்.

சென்சாரின் வேகம் அருமை. அவள் சும்மா இருந்தபோது கோடு அமைதியாக ஓடியது. "எல்லாருக்கும் முன்னாலை ஒரு வர்ணம் வாசியுங்கோ" என்றதும், வில்லைத் தொடுவதற்குள் கோடு ஏறிவிட்டது. பரிவு நரம்பு சுரப்பியைத் தூண்டி, தோலில் மாற்றம் தெரிய ஒன்று முதல் மூன்று செக்கன் போதும். ஆனால் ஆழமாக மூச்சு இழுத்தாலும் அதே ஏற்றம். விரலை அசைத்தாலும் குழப்பம். வாசிக்கும்போது இடக்கை விரல்களில் பட்டி கட்டவே முடியாது. உள்ளங்காலிலும் இதே வகைச் சுரப்பிகள் நிறைய இருப்பதால், கை ஓயாத வேலைகளுக்கு ஆய்வாளர்கள் பாதத்தில் அளப்பதுண்டு. இன்னொரு குறை: மலிவான பலகை தருவது வெறும் எண். அதை மைக்குறோசீமன்ஸ் என்ற மின்கடத்து அலகாக்க நாமே கணக்குப் போடவேணும். பட்டியின் இறுக்கம் மாறினால் எண்ணும் மாறும். ஆகவே இருவரை ஒப்பிட இதை நம்பமாட்டேன்.

என் மனதைப் பிடித்தது கடதாசி முறை. அல்ககோலில் கரைத்த அயடீனை விரல் நுனியில் மெல்லப் பூசி, முழுதாகக் காயவிட்டு, போட்டோக்கொப்பிக் கடதாசியில் சில செக்கன்கள் அழுத்தவேணும். அந்தக் கடதாசியில் பெரும்பாலும் மாப்பொருள் பூசப்பட்டிருக்கும். அயடீனும் மாப்பொருளும் வியர்வையின் ஈரத்தில் சந்திக்கிற இடமெல்லாம் கருநீலப் புள்ளி. ஆய்வாளர் ரண்டல் 1946இல் வியர்வைச் சுரப்பிகளை எண்ணியதும் அயடீன்-கடதாசி முறையில்தான். கைவில்லையை வைத்துப் பார்த்தால், ரேகையின் மேடுகளில் மட்டும் புள்ளிகள் வரிசையாக நிற்கின்றன, பள்ளங்களில் ஒன்றுமில்லை. வேலை செய்யும் ஒவ்வொரு சுரப்பியும் தனித்தனியாகத் தன் இடத்தைக் காட்டுகிறது. வாசிக்க முன்னர் எடுத்த பதிவில் புள்ளிகள் நெருங்கிக் கிடந்தன. வாசித்து முடித்து ஆறுதலாக இருந்தபோது எடுத்ததில் ஐதாகிவிட்டன. சென்சாரின் எந்த எண்ணும் இதைக் காட்டாது.

புண்ணுக்குப் பூசும் பொவிடோன் அயடீன் இதற்குச் சரிவராது. நீர்க்கரைசல் என்பதால் சற்று ஈரம் மிஞ்சினாலும் கடதாசி முழுக்கக் கறுத்துவிடும். அயடீன் ஒவ்வாமையோ தைரொயிட் நோயோ உள்ளவர்கள் இதைத் தொடவேண்டாம்.

மருத்துவத்திலும் இத்தகைய எளிய வழிக்கு இடமிருக்கிறது. நரம்பு அறுந்த விரல் வியர்க்காது. 1958இல் மருத்துவர் மோபெர்க் கடதாசியில் பதித்த விரலடையாளங்களை நின்ஹைட்ரினால் ஊதா நிறமாக்கி, கை நரம்புகளின் நிலையை அறியலாம் என்று காட்டினார். தொழுநோய்த் தேமலில் வியர்வை நின்றுபோவதும் நரம்பு பாதிக்கப்படுவதால்தான்.

உயர்தர உயிரியல் வகுப்புக்கும் இசைப் பிள்ளைகளுக்கும் கடதாசியையே முதலில் சொல்வேன். நொடிக்கு நொடி மாற்றம் வேண்டுமென்றால் மட்டும் சென்சார் வாங்குங்கள். பதிவு எடுத்ததும் கடதாசியின் ஓரத்தில் நேரத்தையும் எந்த விரல் என்பதையும் எழுதி, அன்றைக்கே படம் பிடித்துவிடுங்கள். அயடீன் ஆவியாகப் போவதால் புள்ளிகள் மங்கிவிடும்.