ஒரே பானை: பசியின் கணக்கும் ஆள்பவரின் இருக்கையும்

பசியைப் பற்றி நாம் வாசித்த கதைகளும் கவிதைகளும் பெரும்பாலும் பசித்தவர் பக்கமிருந்து பேசுபவை. பசியை நிர்வகிப்பவரின் இருக்கையிலிருந்து எழுதப்பட்ட பிரதிகளை நாம் இலக்கியமாகக் கொள்வதில்லை. அவை நிவாரண அறிக்கைகளாக, படிக்கணக்குகளாக ஆவணக் காப்பகங்களில் தூங்குகின்றன. ஆனால் அதே இருக்கையில் நம்மை உட்காரவைக்கும் பிரதி ஒன்று கணினி விளையாட்டு என்ற பெயரில் வீட்டுக்குள் வந்திருக்கிறது. 'அட, விளையாட்டுதானே, இதுல விமர்சனம் பண்ண என்ன இருக்கு?' என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. ஒரு தலைமுறை ராத்திரி முழுக்க உட்கார்ந்து வாசிப்பதைப் பிரதியே இல்லை என்று ஒதுக்கிவிட்டு, நாம் யாரை நோக்கி எழுதிக்கொண்டிருக்கிறோம்?

நான் சொல்வது போலந்தின் 11 பிட் ஸ்டுடியோஸ் 2018இல் வெளியிட்ட 'ஃப்ராஸ்ட்பங்க்'. காலம் 1886. உலகம் உறைந்துபோயிருக்கிறது. லண்டனிலிருந்து தப்பிவந்த 80 பேர், வடக்கே ஒரு பனிப்பள்ளத்தில், பிரிட்டிஷ் பேரரசு கட்டிவிட்டுப்போன ராட்சத ஜெனரேட்டரைச் சுற்றிக் குடியேறுகிறார்கள். ஆடுபவர்தான் அவர்களுடைய தலைவர். அவருக்கு முகம் கிடையாது. மேலேயிருந்து பார்க்கும் கண் மட்டும் உண்டு.

சாப்பாட்டு ஏற்பாடு எளிமையானதுபோலத் தெரியும். வேட்டைக்காரர்கள் இரவில் போய் விடியும்போது இறைச்சியோடு திரும்புகிறார்கள். பசுமைக்குடில் கட்டலாம், ஆனால் அதற்குச் சூடு வேண்டும், சூட்டுக்கு நிலக்கரி வேண்டும், நிலக்கரிக்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சோறு வேண்டும். சமையற்கூடத்தில் ஒரு பங்கு சமைக்காத உணவு இரண்டு பங்கு சாப்பாடாகிறது. கணக்கு இடிக்கும்போது சட்டப் புத்தகம் திறக்கிறது. தண்ணீரை விட்டுக் கஞ்சியாக நீட்டலாம், சனங்கள் முணுமுணுப்பார்கள். அல்லது மரத்தூள் கலக்கலாம். பானை இன்னும் நிறையும், சிலர் படுக்கையில் விழுவார்கள். ஆள் பற்றவில்லையா, குழந்தைகளை வேலைக்கு அனுப்பவும் சட்டம் இருக்கிறது.

இந்த விளையாட்டைப் பாராட்டுபவர்கள் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்: எவ்வளவு கடினமான அறத்தேர்வு பாருங்கள் என்று. எனக்கு இதற்கும் முன்னாலுள்ள இடம்தான் முக்கியமாகப் படுகிறது. மரத்தூளை எடுத்துக்கொள்வோம். 1941 நவம்பரில், முற்றுகையிடப்பட்ட லெனின்கிராடில் உண்மையாகவே ரொட்டியில் மரக்கூழின் செல்லுலோஸ் கலந்தது. ஆனால் அங்கே எல்லோருக்கும் ஒரே ரொட்டித்துண்டு கிடைக்கவில்லை. அன்றைய மிகக் குறைந்த படி தொழிலாளிக்கு 250 கிராம். குழந்தைகளுக்கும் வேலையில் இல்லாதவர்களுக்கும் 125 கிராம். கையிலிருந்த அட்டை எந்த வகை என்பதுதான் உயிரை நிர்ணயித்தது. ஃப்ராஸ்ட்பங்கில் மரத்தூள் இருக்கிறது, அட்டை இல்லை. எஞ்சினியர், கூலியாள், குழந்தை எல்லோருக்கும் ஒரே பானை, ஒரே அளவு. நோயாளிக்குக் கூடுதல் படி தரும் சட்டம் ஒன்றுதான் விதிவிலக்கு.

இந்த ஒரே பானைதான் பிரதியின் மையப் புனைவு என்பேன். ஜெனரேட்டரையும் உறைபனியையும் புனைவு என்று உடனே கண்டுகொள்கிறோம். பானையை மட்டும் யதார்த்தம் என்று எடுத்துக்கொள்கிறோம். இருக்கும் உணவைத் தலைகளால் வகுத்தால் பசி கிடைக்கும் என்ற இந்தச் சூத்திரத்தைத்தான் அமர்த்தியா சென் 1981இல் உடைத்தார். 1943 வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தது மாகாணத்தில் தானியம் அற்றுப்போனதால் அன்று, அதை வாங்கும் வலு அவர்களிடம் அற்றுப்போனதால் என்பது அவர் வாதம். ஃப்ராஸ்ட்பங்கில் கூலி இல்லை, விலை இல்லை, கடை இல்லை. 2024இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஒருவகைப் பணம் வருகிறது. அதுவும் நகரத்தின் கஜானாப் பணம்தான். அரிசி விலை ஏறி அடுப்பு அணைந்த வீடு என்ற ஒன்று இந்த உலகத்தில் சாத்தியமில்லை.

'பனிக்குள்ள மாட்டிக்கிட்ட 80 பேருக்குச் சந்தை எதுக்குய்யா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிரதியின் உள் தர்க்கத்தில் பிழையில்லை. ஆனால் அது தேர்ந்துகொண்ட காலமும் ஊரும் சும்மா வந்தவை அல்ல. விக்டோரியா காலத்து லண்டன், 1886. அதற்குப் பத்தே வருஷம் முன்னால் அதே பேரரசு, பனியே இல்லாத இடத்தில், இதே கணக்கைப் போட்டது. நம் தாத்தா பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லிவந்த 1876-78ஆம் ஆண்டுப் பஞ்சம் அது. 1877இல் சென்னை மாகாணத்துக்கு வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் கல்லுடைக்கும் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று நிர்ணயித்தார். உழைக்கும் உடம்புக்கு இது காணாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். ஒரு பவுண்டா, ஒன்றரைப் பவுண்டா என்று விவாதம் நடந்தது. கஞ்சியா, மரத்தூளா என்பதுபோல.

அந்த விவாதம் நடந்த காலத்திலும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. ரயில் ஓடிக்கொண்டிருந்தது. வியாபாரத்தில் தலையிடுவதில்லை என்பது வைஸ்ராய் லிட்டன் அரசின் கொள்கை. அதாவது, அங்கே பானையே ஒன்றல்ல. டெம்பிள் பகிர்ந்தது கஜானா ஒதுக்கிய பானையை. ஆனால் வானம் ஒதுக்கிய பானையைப் பகிர்வதுபோல அதைப் பகிர்ந்தார். பானை இவ்வளவுதான் என்று ஒருவர் எடுத்த தீர்மானத்தை இயற்கையின் தீர்ப்பாகக் காட்டுவது பஞ்ச நிர்வாகத்தின் முதல் வேலை. அது முடிந்த பிறகுதான் கருணை, அளவு, அறம் பற்றிய பேச்சு தொடங்குகிறது. ஃப்ராஸ்ட்பங்க் அந்த முதல் வேலையை நமக்காக முன்கூட்டியே முடித்துவைத்துவிடுகிறது.

இதனால் இது பொய்ப் பிரதி என்று நான் சொல்ல வரவில்லை. ஓர் இடத்தில் அது தன்னையறியாமலே உண்மை பேசுகிறது. திரையின் அடியில் இரண்டு பட்டைகள்: ஒன்று நம்பிக்கை, இன்னொன்று அதிருப்தி. சாப்பாடு பற்றாதபோது ஆடுபவருக்குத் தெரிவது யாருடைய வயிறும் அல்ல, சிவப்புப் பட்டை ஏறுவதுதான். அது நிறைந்து தணியாவிட்டால் தலைவரைத் துரத்திவிடுவார்கள். ஆடும்போது நான் கவனித்தது: சில மணிநேரத்தில் சமையற்கூடத்து வரிசையைப் பார்ப்பதை என் கண் நிறுத்திவிட்டது, பட்டையை மட்டுமே பார்த்தது. 1978 ஜனவரியில் ஃபூக்கோ தன் சொற்பொழிவுகளில் தானியத் தட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டு 'மக்கள்தொகை'யையும் 'மக்களை'யும் பிரித்துக் காட்டினார். நிர்வாகத்தின் இலக்கு முன்னது. அதற்குள் அடங்க மறுப்பது பின்னது. அந்தப் பட்டை மக்கள்தொகையின் உடல்வெப்பம். மக்கள் அதில் இல்லை. அவர்கள் துரத்த வரும்போது மட்டும் தென்படுகிறார்கள்.

கடைசிப் புயலைத் தாண்டிவிட்டால், நாம் போட்ட சட்டங்களை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி, இதெல்லாம் தகுமா என்று விளையாட்டு நம்மிடம் கேட்கிறது. பல விமர்சகர்கள் நெகிழ்ந்த இடம் அது. எனக்கு அது தாமதமாக வந்த, அதுவும் முகவரி மாறி வந்த கேள்வியாகத் தெரிகிறது. தண்ணீர் விட்டவரைக் கூண்டிலேற்றும் அறம், பானையை அளந்தவரைச் சாட்சிக்குக்கூடக் கூப்பிடுவதில்லை. மரத்தூள் கலக்கலாமா என்று கேட்கப் பழகிய தலைமுறை, நாளை நிஜமான பஞ்ச அறிக்கை ஒன்றைக் கையில் எடுக்கும்போதும் அதே கேள்வியோடு நின்றுவிடக்கூடும் என்பதுதான் என் கவலை. தலைவரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது தேவையான பயிற்சிதான். எழுந்து வந்து வரிசையின் கடைசியில் நின்றால்தான் மற்ற கேள்வி வாயில் வரும்: 'பானையில இவ்வளவுதான் இருக்குன்னு சொன்னது யாரு?'