ஆத்திசூடியும் குழந்தையின் வினாவும்

ஆத்திசூடியை நீதிநூல் எனப் போற்றுவார் நம்மிடையே பலர். அஃது எழுத்தறிவிக்கும் நூலுமாம் என்பதை யாவரும் அறிவரேனும், அவ்வகையில் அதன் அமைப்பை ஆராய்ந்தார் சிலரே. விஜயதசமியன்று ஏடு தொடக்கப்பெற்ற பிள்ளை, அரிசியில் விரலால் எழுதிப் பழகிய சின்னாட்களிலேயே ஆத்திசூடியை வாய்ப்பாடமாக ஒப்புவிக்கத் தொடங்குகிறது. ஒப்புவித்தலோடு கற்பித்தலும் முடிந்துவிடுகிறது. "இஃது ஏன் இப்படி?" என வினவும் பிள்ளைக்கு அந்நூலில் விடை உண்டா என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நூலின் அமைப்பை முதற்கண் நோக்குவோம். உயிர் பன்னிரண்டுக்கும் ஆய்தத்துக்குமாக முதற் பதின்மூன்று அடிகள் அமைந்துள்ளன. அடுத்த பதினெட்டு அடிகள் ககரம் முதல் னகரம் ஈறாக உள்ள மெய்வரிசைக்கு உரியவை. இப்பதினெட்டனுள் ஒன்பது அடிகளே தமக்குரிய எழுத்தை முதலாகக் கொண்டு தொடங்குகின்றன. ட, ண, ய, ர, ல, ழ, ள, ற, ன என்னும் ஒன்பதுக்குரிய அடிகளோ அகரத்தையேனும் இகரத்தையேனும் முன்னிறுத்தி, உரிய எழுத்தை இரண்டாமிடத்தில் வைத்துள்ளன. ழகரத்துக்கு 'அழகு' என்னும் சொல்லும், ளகரத்துக்கு 'இளமை' என்னும் சொல்லும் வந்தமை இவ்வாறேயாம்.

கூர்மையுள்ள பிள்ளை இதனைக் கண்டுகொள்ளத் தவறாது. "ளகரத்தைச் சொல்லும்போது இகரம் ஏன் முன்னே வருகிறது?" என்று அது கேட்கும். "பாடமாக்கு, பேசாதே" என்பதே நம்மிற் பலர் கூறும் மறுமொழி. உண்மையில் அப்பிள்ளை கண்டது தமிழ்மொழியின் தலையாய ஒலிவிதிகளுள் ஒன்றாகும். எல்லா எழுத்தும் மொழிக்கு முதலாக வாரா என்பதும், எவை எவ்வுயிரோடு கூடி முதலாகும் என்பதும் தொல்காப்பியர் மொழிமரபில் வகுத்தவை; பிற்காலத்தே பவணந்தியார் நன்னூலிலும் விரித்தவை. யகரம் ஆகாரத்தோடு மட்டுமே மொழிமுதலாகும் என்பது தொல்காப்பியர் கொள்கை. ஆத்திசூடியிலும் யகரவடி இகரத்தை முன்கொண்டே நிற்கின்றது. ஆசிரியர் இலக்கணத்தை நூற்பாவாகச் சொல்லாது, எழுத்துக்களை நிறுத்திய முறையாலேயே உணர்த்திவிட்டார். ஙகரத்துக்கோ தனியே தொடங்கும் சொல் வாய்த்திலது. ஆதலின் அவ்வெழுத்தின் பெயரையே சொல்லாக்கி, அதன் வளைந்த வடிவத்தையே பாடமாக்கிய திறம் வியத்தற்குரியது. இவ்வொழுங்கு பின்னும் தொடர்கின்றது. மெய்வரிசை முடிந்தபின் உயிர்மெய் வரிசைகளாக விரியுமிடத்து, க, ச, த, ந, ப, ம, வ என்னும் ஏழே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. அவை யாவும் மொழிமுதலாதற்குரியவை.

பாரதியாரின் புதிய ஆத்திசூடியை இதனோடு ஒப்புநோக்குதல் பயனுடைத்து. அச்சமின்மையும் வீறும் ஊட்டும் அறநூல் என்ற அளவில் அதன் பெருமையை எவரும் மறுக்கார். ஆயின், ரகர லகரங்களுக்கு அவர் வடசொற்களைக் கொணர்ந்து அவ்வெழுத்துக்களையே அடிமுதலாக நிறுத்தினார். காலத்தோடு வந்த சொற்களுக்கு இடமளித்தது அவர் கருத்துக்கு இசைந்ததே. எனினும், பழைய நூலிற் பிள்ளை கண்டறியக் கிடந்த ஒலிவிதி புதிய நூலில் அவ்விரண்டு எழுத்துக்களின்கண் மறைந்துபோயிற்று. கடைகளில் விற்கும் அரிச்சுவடிப் படங்களோ இன்னும் ஒருபடி சென்று, டகரத்துக்கு டமாரத்தையும் லகரத்துக்கு லட்டையும் வரைந்து வைக்கின்றன. எல்லா எழுத்தும் ஒரே தன்மையன என்ற பிழையான எண்ணத்தை இவை பிள்ளையின் உள்ளத்திற் பதிக்கின்றன. அவ்வெண்ணத்தோடு வளரும் பிள்ளை, வாயால் 'ராமன்' என்று சொல்லி, நூலில் 'இராமன்' என்று காணும்போது மயங்குகிறது. 'அரவம்', 'இலவம்' என்பனவற்றை முன்னரே பயின்ற பிள்ளைக்கோ அங்ஙனம் உயிர் முன்வருதல் புதுமையாகத் தோன்றாது.

இனி, ஆத்திசூடியின் குறைகளையும் கூறாதுவிடின் ஆராய்ச்சி நடுநிலை பிறழும். அதன் அடிகளிற் பலவற்றின் பொருள் ஐந்து வயதுப் பிள்ளைக்கு எட்டாதது. சொற்சுருக்கம் மிகுந்து உரையை வேண்டி நிற்பது. அன்றியும், வல்லெழுத்தின் ஒலிவேறுபாட்டை அந்நூல் வரிசையால் உணர்த்த இயலாது. கல், பக்கம், தங்கம், மகன் என்னும் நான்கு சொற்களிலும் ககரம் ஒன்றே, ஒலியோ ஒன்றன்று. சொல்லின் முதலிலும் இரட்டித்தபோதும் வன்மையாக ஒலிக்கும் அது, மெல்லெழுத்தின்பின் அதிர்ந்தும், உயிர்களினிடையே தளர்ந்தும் ஒலிக்கின்றது. இதனை விளக்கக் கருவி எதுவும் வேண்டா. பிள்ளை தன் கையைத் தொண்டையில் வைத்துப் பக்கம், தங்கம் என இரண்டையும் மாறிமாறிச் சொல்லுமாயின், ககரம் ஒலிக்கும் வேளையில் அதிர்வு நின்றுபோதலையும் நில்லாது தொடர்தலையும் தானே உணரும். எழுத்துப் பிறக்கும் இடங்களை நெஞ்சு, மிடறு, நா, பல், இதழ், அண்ணம் என ஆராய்ந்த தொல்காப்பியரின் பிறப்பியலும் இத்தகைய நோக்கையே அடிப்படையாகக் கொண்டது.

நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு வேறு சில வினாக்களும் எழும். யாழ்ப்பாணத்துப் பேச்சில் ழகரம் பெரிதும் ளகரமாகவே ஒலிக்கின்றது. ஆகவே வாழையும் வாளைமீனும் செவிக்கு ஒன்றாகிக் கண்ணுக்கு வேறாகின்றன. 'அழகு', 'இளமை' என்னும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து நாவின் நிலையைக் காட்டுதற்கு ஆத்திசூடி இடந்தருகின்றது. இனி, 'ரீச்சர்' என்று ரகரமிட்டு எழுதிவிட்டு வேறோர் ஒலியால் அழைப்பது எதற்கு எனவும் பிள்ளை கேட்கும். அவ்வாங்கில ஒலி, நாநுனியை உள்வளைத்துப் பிறக்கும் டகரத்தினும், நாம் வெற்றி, காற்று என்பவற்றில் ஒலிக்கும் இரட்டை றகரத்துக்கே அணுக்கமானது. அவ்வொலிக்கு மொழிமுதலில் தனியெழுத்து இன்மையால் நம்மவர் ரகரத்தை இரவல் கொண்டனர். இவ்வளவையும் ஐந்து வயதினருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. "டீ என்று சொல்லிப்பார், ரீச்சர் என்று சொல்லிப்பார், நாக்கு எங்கே தொடுகிறது, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டாற் போதும். விடையைப் பிள்ளை தன் வாயினுள்ளேயே காணும்.

மொழிமுதலெழுத்துக்களை நாம் மேல்வகுப்பிலேதான் கற்பிக்கின்றோம். மாணவரும் பரீட்சைக்காக நூற்பாவை நெட்டுருச் செய்கின்றனர். ஐந்து வயதில் எழுந்த வினாவுக்குப் பதினைந்து வயதில் விடை கூறுகின்றோம். அதற்கிடையில் வினவிய வாய் அடங்கிப்போகின்றது. இலக்கணம் கசப்பானது என்று மாணவர் கூறுவதற்கு இக்காலந்தாழ்த்தலும் ஒரு காரணமாம். எழுத்து இருநூற்று நாற்பத்தேழு என்று எண்ணி ஒப்புவிக்கும் பிள்ளையைப் பாராட்டும் நாம், அவற்றுள் ஓரெழுத்தைக் குறித்து "ஏன்?" என்று கேட்கும் பிள்ளையை அதனினும் மிகுதியாகப் பாராட்டுதல் வேண்டும்.

ஆத்திசூடியை அகற்றுதல் வேண்டா. அதனை வாய்ப்பாடமாக்குதலைக் கைவிடுதலும் வேண்டா. ஒப்புவித்து முடிந்தபின் நூலைத் திறந்து, ஒன்பது அடிகள் முறைமாறி நிற்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்குமாறு சிறிது பொழுது விட்டுவைத்தலே வேண்டுவது. பெற்றோரும் ஆசிரியரும் அச்சிறு பொழுதைப் பிள்ளைக்கு ஈவார்களாக.