நித்தியக் கட்டளையும் நேற்றைய ஓவியமும்

கலைச் சரித்திரத்தில் பழமையானவற்றைக் காட்டிலும் அண்மைக் காலத்தவையே விரைவில் அழிந்து போகின்றன என்பதை இராமநாதபுரம் சீமையில் வாழ்வோர் எளிதில் கண்டுகொள்ளலாம். சேதுபதி மன்னர் தம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீட்டுவித்த சித்திரங்களை, மராட்டியரோடு நிகழ்ந்த போரையும் ஐரோப்பியரை மன்னர் எதிர்கொண்ட சபையையும், இன்றும் அச்சுவர்களில் நின்று பார்க்கலாம். ஆனால் அவ்வரண்மனைக்குக் கிழக்கே உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் என்று நீளும் கரையோரத்தில், நாற்பது ஆண்டுகளுக்கு முன் படகுகளின் முகப்பிலும் கடைப் பலகைகளிலும் கட்சிச் சுவர்களிலும் வண்ணம் தீட்டிப் பிழைத்த ஓவியர்களின் கைவேலைக்கு ஒரு புகைப்படத்தையேனும் எடுத்துக் காட்டுவோர் அரியர். மன்னருடைய சித்திரத்துக்குத் தொல்பொருள் துறை காவல் நிற்கிறது. நேற்றைய ஓவியனுக்குக் காவல் நிற்போர் பெரும்பாலும் சம்பளமில்லாத் தொண்டர்களே. அவர்களுக்குத் திரவியம் எங்கிருந்து வருகிறது, எங்கிருந்து வரவேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் உத்தேசம்.

உச்சிப்புளியில் இருந்துகொண்டு இவ்விஷயத்தை ஆராய்வதில் ஒரு பொருத்தம் உண்டு. வடக்கே அரியமான் கடற்கரையில் நின்றால் எதிரே விரிவது பாக் விரிகுடா. அதன் அக்கரையில் யாழ்ப்பாணக் குடாநாடு. தமிழர் நடுவே சமகாலக் கலையின் ஆவணங்களைத் திரட்டி யாவர்க்கும் திறந்துவைக்க வேண்டுமென்ற வேட்கை அக்கரையில்தான் மிக உக்கிரமாக எழுந்தது. அதற்குக் காரணம் செல்வமன்று, இழப்பு. 1981ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிறந்த இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் எரிக்கப்பட்டது. நூல் எரிந்தாலும் அதன் மற்றொரு பிரதி எங்கேனும் கிடைக்கக்கூடும். ஓவியமோ ஒன்றே ஒன்று. அது போனபின் மிஞ்சுவது அதனைப் பற்றிய கண்காட்சி அழைப்பிதழும், சிறுபத்திரிகைக் குறிப்பும், யாரோ எடுத்த மங்கிய படமுமே. 1938இல் வின்சர் ஆர்ட் கிளப் என்ற கழகத்தைத் தோற்றுவித்து அங்கே நவீன ஓவியப் பயிற்சிக்கு வித்திட்ட எஸ். ஆர். கனகசபை அவர்களைப் பற்றியும், ஆசிரியராக இருந்து ஒரு தலைமுறை ஓவியரை உருவாக்கி 2000இல் மறைந்த அ. மாற்கு அவர்களைப் பற்றியும் இன்று ஒருவர் எழுதப் புகுந்தால், மூலச் சித்திரங்களைவிட இத்தகைய காகிதங்களையே நம்பியாக வேண்டும். 1995 அக்டோபரின் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் ஒரே இரவில் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது, எடுத்துச் செல்ல முடிந்தவற்றுள் ஓவியச் சட்டங்கள் அநேகமாக இருந்திரா.

இந்த இழப்பையே தம் கலைக்குப் பொருளாக்கிக்கொண்டவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து நுண்கலை ஆசிரியர் தா. சனாதனன். 2011இல் ரேக்கிங் லீவ்ஸ் என்னும் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய ‘முடிவுறாத் தோம்பு’ என்ற நூலில், இடம்பெயர்ந்தோர் தாம் விட்டுவந்த வீட்டின் அமைப்பை நினைவிலிருந்து கோடுகளாக இட்டுத் தருகின்றனர். கட்டடக் கலைஞர் ஒருவர் அதனை முறையான வரைபடமாக்குகிறார். ஓவியர் அதனருகே தம் சித்திரத்தை எழுதுகிறார். ஒல்லாந்தர் காலத்து நிலப்பதிவேட்டின் பெயரைத் தாங்கிய இந்நூல் கலைப்படைப்பாக இருக்கும்போதே ஆவணக் களஞ்சியமாகவும் இருக்கிறது. அதே பதிப்பகத்தை நிறுவிய ஷர்மினி பெரேரா அவர்களின் முயற்சியால், போர் ஓய்ந்தபின், இலங்கையின் சமகாலக் கலை, கட்டடக் கலை, வடிவமைப்பு ஆகியவற்றுக்கான ஆவணக் காப்பகமொன்று கொழும்பில் அன்றி யாழ்ப்பாணத்திலேயே அமைக்கப்பட்டது. தலைநகரில் வைப்பதே வழக்கமாகிவிட்ட காலத்தில் அதனை வடக்கே வைத்தது பெரிய துணிவு என்றே சொல்லவேண்டும்.

தொண்டர் முயற்சிகளின் சரித்திரம் தமிழில் எழுத்திலிருந்து தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் விஞ்ஞானியாகப் பணிபுரிந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகின் பல மூலைகளில் இருந்த தமிழன்பர்கள் மாலை வேளைகளில் உட்கார்ந்து தட்டச்சுச் செய்தும் பிழை திருத்தியும் கொடுத்த உழைப்பினாலேயே, எந்த அரசின் மானியமும் பெறாமல், சங்க இலக்கியம் முதல் தற்கால நூல்கள் வரை இணையத்தில் ஏற்றிற்று. பணமின்றி இது எவ்வாறு சாத்தியமாயிற்றெனில், எழுத்து மிகவும் இலேசானது. ஒரு காப்பியம் முழுவதும் ஒரு நல்ல வண்ணப் படத்தின் இடத்தைக்கூட அடைத்துக்கொள்வதில்லை. ஆயினும் அங்கும் பராமரிப்பின் பாரம் தெரியாமலில்லை: ‘டிஸ்கி’ என்ற பழைய குறியீட்டில் ஏற்றியவற்றை யூனிகோடுக்கு மாற்ற வேண்டி வந்தபோது, முடிந்தது என்று வைத்த வேலையைத் தொண்டர்கள் மீண்டும் கையிலெடுத்தனர்.

2005இல் ஈழத்து இளைஞர்கள் தொடங்கிய ‘நூலகம்’ இதற்கு அடுத்த படி. அதனைத் தொடங்கியோர் நூல்களோடு நிற்கவில்லை. பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள், துண்டுப் பிரசுரங்கள் என்று பிறர் குப்பையென ஒதுக்கியவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றினர். பின்னர் ‘ஆவணகம்’ என்ற தளத்தில் புகைப்படங்களையும் ஒலிப்பதிவுகளையும் சேர்க்கலாயினர். கனடாவில் டொராண்டோப் பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்து நூலகம் அவர்களோடு கைகோத்தது. புலம்பெயர்ந்தோர் அளிக்கும் சிறு சிறு நன்கொடைகள் இம்முயற்சிக்கு முக்கிய ஆதாரமாக இருந்து வருகின்றன. பெருந்தனவந்தர் ஒருவரின் ஒரே காசோலையைவிட, பலர் தொடர்ந்து தரும் சிறுதொகையே இத்தகைய பணிக்கு உறுதி தருவது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் ஓவிய ஆவணம் எழுத்தாவணத்தைவிடப் பன்மடங்கு செலவு பிடிப்பது. படமெடுக்கும் ஒளி சீராக இருக்கவேண்டும். நிற அளவை அட்டையை அருகில் வைத்து எடுக்காவிட்டால் ஓவியர் இட்ட குங்குமச் சிவப்பு பார்ப்பவரின் கணினியில் செங்கல் நிறமாகிவிடும். பழைய ஸ்லைடுகள் காலத்தால் நிறம் மாறியிருக்கும். இவையெல்லாம் கூடச் சிறு செலவே. பெருஞ்செலவு அதன்பின் வருகிறது: இப்படத்தை எழுதியவர் யார், எந்த ஆண்டில், எந்தப் பொருளின்மேல், எந்தக் கண்காட்சிக்கு, இப்போது யார் வசம் இருக்கிறது என்று விசாரித்து எழுதி வைக்க, கலையும் மொழியும் அறிந்த ஒருவர் மாதக்கணக்கில் உட்கார வேண்டும். பெயரும் விவரமும் இல்லாத பத்தாயிரம் படங்கள் இருந்தும் இல்லாதவைதாம். அதற்கும் அப்பால் சர்வர் வாடகையும் டொமைன் கட்டணமும் ஆண்டு தவறாமல் செலுத்தப்பட வேண்டியவை. ஓராண்டு தவறினால் பத்தாண்டு உழைப்பு மறைகிறது.

கலைஞர்கள் தம் கைவேலையினாலேயே பணம் திரட்டிய முன்மாதிரிகள் இல்லாமலில்லை. கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் உருவான சோழமண்டலம், ஓவியர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற வருவாயில் நிலம் வாங்கி எழுப்பிய ஊர். அரசின் கொடையை எதிர்பாராமல் ஒரு கலை இயக்கம் தன் காலில் நின்றதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் நம் நாட்டில் காண்பது அரிது. ஹாங்காங்கில் 2000ஆம் ஆண்டு தோன்றி, கே. ஜி. சுப்பிரமணியன், ஜோதி பட் முதலிய நம் நாட்டுக் கலைஞரின் ஆவணங்களையும் இணையத்தில் ஏற்றியுள்ள ஆசியக் கலை ஆவணக் காப்பகம், கலைஞர்கள் நன்கொடையாக வழங்கும் படைப்புகளை ஏலமிட்டுத் தன் செலவில் ஒரு பகுதியை ஈட்டிக்கொள்கிறது. எனினும் ஏலத்துக்குப் பெரும் சந்தை வேண்டும். மாற்கு போன்றோரின் மாணவர்கள் தம் படங்களை யாரிடம் ஏலமிடுவர்?

எஞ்சியது மானியம். பிரிட்டிஷ் நூலகம் ஆர்க்கேடியா அறநிதியின் உதவியோடு 2004 முதல் நடத்திவரும் அழியும் ஆவணங்களுக்கான திட்டம் தமிழ்நாட்டிலும் நற்பணி செய்திருக்கிறது. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பழைய போட்டோ ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடிப் பிரதியெடுத்தது அவ்வுதவியினால்தான். பெங்களூரில் இயங்கும் இந்தியக் கலைகளுக்கான அறநிறுவனமும் காப்பகப் பணிகளுக்கு நல்கை அளிக்கிறது. இவற்றையெல்லாம் நன்றியோடு நினைக்கும்போதே ஒரு குறையையும் சொல்லவேண்டியிருக்கிறது. மானியம் என்பது தொடக்கமும் முடிவும் உடையது. ஓரிரு ஆண்டுகளில் இத்தனை படங்கள் எடுக்கப்பட்டன என்று கணக்குக் கொடுத்ததும் அது நின்றுவிடும். ஆவணத்துக்கோ முடிவு தேதி கிடையாது. பெரிய ஸ்தாபனங்களிடம் ஒப்படைத்துவிட்டால் கவலையில்லை என்று எண்ணுவதற்கும் இடமில்லை. 2023 அக்டோபரில் இணையக் கொள்ளையரின் தாக்குதலுக்கு ஆளான பிரிட்டிஷ் நூலகத்தின் சேவைகள் பல மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தன. மறு ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் இன்டர்நெட் ஆர்க்கைவும் தாக்கப்பட்டுச் சில காலம் மூடியிருந்தது.

நம் முன்னோர் இந்தப் பிரச்சினையை அறியாதவர் அல்லர். சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நுந்தா விளக்கு எரிய வேண்டுமென விரும்பியவர் ஒரு குடம் நெய்யைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகவில்லை. 96 ஆடுகளைக் கொடுத்தார். இடையர் அவற்றை ஏற்றுப் பெருக்கி, நாள்தோறும் உழக்கு நெய் அளந்தனர். சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் கூறுவது, முதல் குறையாமல் பயன்மட்டும் ஓயாது வந்துகொண்டிருக்கும் அந்த ஏற்பாட்டையே. சேது நாட்டில் இவ்வகைக் கட்டளைகள் மலிந்திருந்தன. இங்கே பாண்டித்துரைத் தேவர் அவர்களைக் குறிப்பிடாமல் மேற்செல்ல முடியாது. அவர் உ. வே. சாமிநாதையருடைய பதிப்புகளுக்குப் பொருளுதவி செய்ததோடு அமையாமல், 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவி, நூல்நிலையம், அச்சகம், பாடசாலை, ‘செந்தமிழ்’ என்ற பத்திரிகை ஆகியவற்றை அதனோடு இணைத்தார். புலவர் ஒருவருக்குப் பரிசளிப்பதோடு கொடை முடிந்துவிடாது, புலமை தொடர்ந்து நடப்பதற்குரிய ஸ்தாபனம் வேண்டும் என்று அவர் கண்டுகொண்டிருந்தார்.

அத்தகைய ஸ்தாபனம் வாய்க்காதவருக்கும் இங்கே உதாரணம் உண்டு. பழைய இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்ந்தார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியராகத் தொழில் தொடங்கிய அவர், நூல்களும் இதழ்களும் நாடக நோட்டீஸ்களும் அழைப்பிதழ்களுமாக ஏறக்குறைய ஒரு லட்சம் பொருள்களைத் தம் சொந்தப் பணத்தில் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, கடல் கடத்திச் செல்லாமல், 1994இல் சென்னையிலேயே நூலகமாக அமைத்தது. அது அவர்களின் பெருந்தன்மை. எனினும் செட்டிநாட்டு மாளிகைகளுக்கு நடுவே பல்லாண்டுக் காலம் வளர்ந்த அக்களஞ்சியத்துக்கு நம்மவர் ஒரு கட்டளையை நிறுவியிருக்கக் கூடாதா என்ற ஏக்கம் எனக்கு நீங்கவில்லை.

இன்று அவ்வாறு நிறுவ முற்படுவோர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியுரிமை பெற்றுவிட்ட தமிழர் இந்தியாவிலுள்ள தொண்டர் குழுவுக்கு அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடையாகவே கருதப்படும். அதைப் பெறுவதற்கான பதிவை வேண்டும் சங்கம் சாதாரணமாக மூன்றாண்டு நடந்திருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அப்பணம் டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்கின் வழியே வரவேண்டும். ஒரு சங்கம் பெற்றதை மற்றொரு சங்கத்துக்குப் பகிரலாகாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டலாகாது. நான்கைந்து பேர் கூடி நடத்தும் முயற்சிக்கு இவை எளிதில் ஏறக்கூடிய படிகள் அல்ல. உள்நாட்டிலோ, 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்கள் தம் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட விதித்து, கலை, பண்பாடு, பொது நூலகம் ஆகியவற்றையும் அப்பணியாக ஏற்றிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குக் கட்டடமும் ஊருக்குக் குடிநீர்த் தொட்டியும் கொடுக்கும் கம்பெனிகளின் வாசலை ஓவிய ஆவணத்துக்காகத் தட்டியோர் மிகச் சிலரே.

உரிமை பற்றியும் ஒரு சொல். ஓவியத்தை விலைக்கு வாங்கியவர் அந்தக் கித்தானுக்கு உரியவராவாரேயன்றி, அதன் பிரதியை வெளியிடும் உரிமை அவருக்குத் தானாக வந்துவிடாது. இந்தியாவில் அவ்வுரிமை ஓவியர் வாழ்நாளுக்குப் பின்னும் 60 ஆண்டு அவர் வாரிசுகளிடம் நிற்கிறது. ஆகையால் ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்து, கையெழுத்துப் பெற்று, அனுமதியின் எல்லையையும் எழுதி வைக்கும் சிரமம் தவிர்க்க முடியாதது. இந்தப் பஸ் கட்டணமும் பேட்டாவும் எந்த மானியப் பட்டியலிலும் முதலிடம் பெறுவதில்லை, பெறவேண்டும்.

இக்கரையில் வேலை காத்துக்கிடக்கிறது. ஃப்ளெக்ஸ் பதாகை வந்தபின் தூரிகையைக் கீழே வைத்துவிட்ட பலகை எழுத்தாளர்கள் உச்சிப்புளியிலும் இருமேனியிலும் புதுமடத்திலும் இராமநாதபுரம் கடைவீதியிலும் முதுமை எய்திவருகின்றனர்; அவர்களுடைய மாதிரி நோட்டுகளும், பழைய போட்டோ ஸ்டுடியோக்களின் பின்திரைகளும் நெகட்டிவ் பெட்டிகளும் உப்புக்காற்றில் நாளுக்கு நாள் நைகின்றன. மண்டபம் முகாமில் அகதிகளாக வந்து தங்கியோரிடையே சித்திரம் எழுதத் தெரிந்தவர் இருந்திருப்பர். அவர் எழுதியவை எங்கே போயின என்று கேட்டு எழுதுவார் இல்லை. இதற்கு முதலில் வேண்டுவது விலையுயர்ந்த ஸ்கேனர் அன்று; ஊரை அறிந்த இளைஞர் ஒருவருக்கு மூன்றாண்டுச் சம்பளமும், அதன்பின் ஆண்டுச் செலவுக்கு வட்டி தரக்கூடிய ஒரு வைப்புத்தொகையும். யாழ்ப்பாணத்தாரோடு பேசி, இங்கே சேர்வதன் பிரதி ஒன்று அங்கேயும் அங்கே சேர்வதன் பிரதி ஒன்று இங்கேயும் இருக்கும்படி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டால், பணம் போய்வருவதற்கு உள்ள தடை அதற்கு இராது. அதை இந்த ஆண்டிலேயே தொடங்கலாம்.