உலக சினிமா ரசனைக் குறிப்புகள்: கதை சொல்வதும் படம் பார்ப்பதும்

தாம் பார்த்து மகிழ்ந்த அயல்நாட்டுப் படங்களையும் சுயாதீனப் படங்களையும் பற்றித் திரை ஆர்வலர்கள் எழுதும் அனுபவக் கட்டுரைகள் ரசனைக் குறிப்புகள் எனப்படும். ஆனந்த விகடனில் செழியன் எழுதி நூலாக வந்த 'உலக சினிமா', எஸ். ராமகிருஷ்ணனின் 'அயல் சினிமா' ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. 'நிழல்' போன்ற சிற்றிதழ்களும் இத்துறைக்கு இடமளித்தன.

செய்த நன்மை

ஈரானியப் படமோ ஜப்பானியப் படமோ திரையரங்குக்கு வராத காலத்தில், இக்கட்டுரைகளே பலருக்கு முதல் அறிமுகம். புதுச்சேரி நகரில் அலியான்ஸ் பிரான்சேஸ் திரையிடல்களும், சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலான விருதுடன் அரசு நடத்தும் இந்தியத் திரைப்பட விழாவும் உண்டு. ஆனால் பாகூரிலோ வில்லியனூரிலோ உள்ள மாணவருக்கு நகரத்து மாலைக் காட்சி எளிதில் வாய்ப்பதில்லை. அவர் படத்தைப் பார்க்கும் முன்பே அதைப் படித்துவிடுகிறார். ஆகவே குறிப்பு எப்படி எழுதப்படுகிறது என்பது அவருடைய ரசனையையே தீர்மானிக்கக்கூடியது.

இரண்டு குறைகள்

முதலாவது, முழுக் கதையையும் சொல்லிவிடுவது. இரண்டாவது, 'நெஞ்சை உருக்கும் காவியம்' என்பது போன்ற, எந்தப் படத்துக்கும் பொருந்தும் புகழுரை. இவை ஏன் குறைகள் என்பதை மஜித் மஜீதியின் 'சில்ரன் ஆஃப் ஹெவன்' (1997) காட்டும். அண்ணனும் தங்கையும் ஒரே சோடிக் காலணியை மாற்றி மாற்றி அணிந்து பள்ளி செல்கிறார்கள். ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் பரிசு காலணி என்பதால் அண்ணன் அதற்காக ஓடுகிறான். தவறிப்போய் முதலாவதாக வருகிறான். கதை சொல்லும் குறிப்பு இந்த ஏமாற்றத்தோடு முடிந்துவிடும்.

ஆனால் படம் அங்கே முடியவில்லை. தந்தையின் மிதிவண்டியில் புதுக் காலணிகள் இருப்பதைப் பார்வையாளர் ஒரு கணம் பார்த்துவிடுகிறார். சிறுவனுக்கு அது தெரியாது. புண்ணான கால்களை அவன் தொட்டி நீரில் வைத்திருக்க, மீன்கள் வந்து சூழ்கின்றன. நமக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது என்ற அந்த இடைவெளியில்தான் இயக்குநரின் கலை இருக்கிறது. கதைச் சுருக்கத்தில் அது நழுவிவிடுகிறது.

கதை குறைந்த படங்கள்

பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்றது. கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவியை அழைத்து வரக் குடிகாரத் தந்தை மகனுடன் செல்கிறார். இருவரும் வெயிலில் நடந்தே திரும்புகிறார்கள். கதை இவ்வளவுதான். சிறுவன் வாயில் அடக்கிக்கொள்ளும் கல், வீட்டில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கற்கள், ஊற்றில் சிறிது சிறிதாக நீர் மொள்ளும் பெண்கள் ஆகியவையே படம். இந்த நடை இன்று முதன்முறை நடப்பதல்ல என்பதை வசனம் எதுவும் சொல்லவில்லை. அந்தக் கற்களே சொல்லிவிடுகின்றன.

செழியன் தாம் இயக்கிய 'டு லெட்' படத்தில் பின்னணி இசையையே தவிர்த்தார். வாடகை வீடு தேடும் குடும்பத்தின் பதற்றத்தை வீட்டின் ஓசைகளே தெரிவிக்கின்றன. அந்த ஓசைகளைக் கவனிக்காமல் கதையை மட்டும் எழுதினால், அது செய்தித்தாள் துணுக்காகிவிடும்.

குறிப்பின் இன்றைய பணி

இப்போது இப்படங்களில் பலவற்றைக் கைப்பேசியிலேயே பார்க்க முடிகிறது. படம் கிடைக்காதபோது அதற்கு ஈடாக நின்ற குறிப்பு, இனிப் படத்துக்குத் துணையாக வேண்டும். கதையை இரண்டு வரிகளில் நிறுத்தி, ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, கேமரா எங்கே நிற்கிறது, எதைக் காட்டாமல் விடுகிறது, என்ன ஓசை கேட்கிறது என்று எழுதுவதே அதற்கு வழி.

எழுதுபவரின் ஊரும் இதற்கு உதவும். பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைவதைப் பார்த்து வளர்ந்த மாணவர், 'கூழாங்கல்' காட்டும் ஊற்றைப் பார்க்கும்போது, அந்தக் குடம் நிரம்ப ஆகும் நேரத்தைத் தம் ஊர் வாய்க்காலோடு ஒப்பிடுவார். அந்த ஒப்பீட்டை வேறெந்தக் கட்டுரையிலிருந்தும் எடுத்தெழுத முடியாது. தனி மனித அனுபவம் விமர்சனத்துக்குப் பயன்படும் இடமும் அதுவே. 'எனக்குப் பிடித்தது' என்பதோடு நிற்காமல், எந்தக் காட்சி, எதனால் என்று சொல்லத் தொடங்கும்போது ரசனை விமர்சனமாகிறது.